கரண்ட் போனால் கதவு என்ன செய்யும்?

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் நாலுமாடி வீடு. கீழே வீட்டுக்கார அன்ரி. மேலே மூன்று மாடியிலும் போர்டிங்: கம்பஸ் பிள்ளைகள், முதல் வேலைக்கு வந்தவர்கள், சோதனைக்குப் படிக்க வந்தவர்கள் என்று பதினாறு பேர். வாசல் கதவுக்கு ஒரே வகைத் திறப்பு. அறையை விட்டுப் போகிறவர்கள் திறப்பை ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். அதற்கு முன் எத்தனை திறப்பு வெட்டினார்கள் என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது.

"தம்பி, நீர் கொம்பியூட்டர் வேலைதானே. ஹோட்டலில இருக்கிற மாதிரி அட்டை காட்டினாத் திறக்கிற பூட்டு ஒண்டு செய்து தாருமன்" என்றா அன்ரி.

என் மேசையில் சும்மா கிடந்த ராஸ்ப்பெரி பை 3 என்ற சின்னக் கணினி போர்ட் நினைவுக்கு வந்தது. சரியென்றேன். அந்த அவசரச் சரிக்குப் பிறகு இரண்டு தடவை கழற்றி, மூன்றாந்தரம் பூட்டியபோதுதான் நிம்மதி வந்தது. அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு, இப்படியொரு கதவுக்கு என்னென்ன வழி இருக்கிறது, எதை எங்கே போடலாம் என்று எழுதுகிறேன்.

போர்டைப் பற்றிப் பேச முதல் பூட்டைப் பற்றிப் பேசவேண்டும். எல்லாரும் போர்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கிக் கெட்டேன்.

மின்பூட்டில் இரண்டு சாதி. கரண்ட் இருக்கும்வரை பூட்டியிருப்பது ஒன்று. காந்தப் பூட்டு அந்தச் சாதி. கதவின் மேற்சட்டத்தில் காந்தம், கதவில் இரும்புத் தகடு. சின்னக் காந்தப் பூட்டே 280 கிலோ இழுவையைத் தாங்கும் என்று பெட்டியில் போட்டிருக்கும். 12 வோல்ட்டில் ஏறத்தாழ அரை அம்பியர், நாள் முழுக்க இழுத்துக்கொண்டே இருக்கும். கரண்ட் போனால் கதவு தானாகத் திறந்துவிடும். மற்றச் சாதி கரண்ட் கொடுத்தால் மட்டும் திறப்பது. கதவு நிலையில், பூட்டின் நாக்கு போய் விழும் இடத்தில் பொருத்தும் ஸ்ட்ரைக்கில் பெரும்பாலானவை இதுதான். கரண்ட் போனால் வெளியிலிருந்து பூட்டியபடியே கிடக்கும். உள்ளேயிருந்து கைபிடியைத் திருப்பினால் எப்போதும்போல் திறக்கும்.

கொழும்பில் இது ஏட்டுச் சுரைக்காய் விஷயமில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை மறந்தவர் யாரும் இல்லை. நிலைமை சீரான பிறகும் 2023 டிசம்பர் 9இல் முழு நாடும் இருண்டது. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல், பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று மோதியதால் நாடே இருளில் கிடந்தது என்று அமைச்சரே சொன்னார். ஒரு குரங்கு நினைத்தால் உங்கள் வாசற்கதவு திறந்துவிடும் என்றால், அந்தப் பூட்டைப் பற்றி இன்னொருமுறை யோசிப்பது நல்லது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 வோல்ட் 7 அம்பியர் மணி ஈயப் பற்றரியில் 84 வாட் மணி. காந்தப் பூட்டு மட்டுமே 6 வாட் தின்னும். கடதாசிக் கணக்கில் 14 மணித்தியாலம். இரண்டு வருடம் பழகிய பற்றரியில் அதில் பாதியை நம்பினாலே அதிகம். ஸ்ட்ரைக் அப்படியல்ல. ஒருவர் உள்ளே வரும் நாலைந்து செக்கன் மட்டும்தான் அதற்குக் கரண்ட் வேண்டும். அதே பற்றரி ஸ்ட்ரைக்கோடும் சின்ன போர்டோடும் இரண்டு நாள் ஓடும்.

காந்தப் பூட்டுக்கும் ஒரு நியாயம் உண்டு. நிறையப் பேர் ஒன்றாக வெளியேறவேண்டிய இடத்தில், கண்ணாடிக் கதவில், ஸ்ட்ரைக் பொருத்த மரச்சட்டம் இல்லாத இடத்தில் அதுதான் வழி. அப்படிப் போட்டால் வெளியேறும் பட்டன் காந்தத்துக்குப் போகும் வயரையே நேராக வெட்டவேண்டும். பட்டனை போர்டுக்குக் கொடுத்து, போர்ட் யோசித்து, ரிலே என்ற மின்சுவிட்சுக்குச் சொல்லி, ரிலே கதவைத் திறப்பது என்ற சங்கிலியை ஒருவரும் கட்டாதீர்கள். புகை நிறைந்த படிக்கட்டில் நிற்கிறவர் உங்கள் நிரல் உறைந்துபோன நேரத்தில் பட்டனை அமத்தக்கூடும்.

அன்ரியின் கதவு பழைய பலாமரக் கதவு, நல்ல தடிப்பு. ஸ்ட்ரைக் என்று முடிவானது. இனி அதை யார் திறப்பது?

முதலில் கடைக் கீபேட். கோட்டைக்கும் புறக்கோட்டைக்கும் போய் முதலாம் குறுக்குத் தெருவில் ஏறி இறங்கினால் வகைவகையாக வைத்திருக்கிறார்கள்: இலக்கமும் அட்டையும் சேர்ந்தது, விரல்ரேகையும் சேர்ந்தது, மழைக்குத் தாங்கும் உலோக உடம்புள்ளது. நாலு வயர், அரை நாளில் பூட்டிவிடலாம். நிரலும் இல்லை, தலையிடியும் இல்லை. சந்தேகமென்றால் இதைத்தான் வாங்குங்கள் என்று சொல்லலாம்போல இருக்கும். ஒரு குறை மட்டும் இல்லாவிட்டால் நானும் அதையே சொல்வேன்.

அந்தக் குறை பெட்டிக்குள்ளே இருக்கிறது. மலிவான கீபேட்களில் பூட்டைத் திறக்கும் ரிலே கீபேட்டுக்கு உள்ளேயே, அதாவது வீட்டுக்கு வெளியே, வீதியைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. அடியில் ஒரு ஸ்க்ரூ. அதைக் கழற்றிச் சுவரிலிருந்து இழுத்தால் பூட்டுக்குப் போகும் இரண்டு வயர் கையில் வரும். ஸ்ட்ரைக்கென்றால் அந்த இரண்டையும் தொடுப்பது, காந்தமென்றால் வெட்டுவது. கதவு திறந்துவிடும். இரகசிய இலக்கமும் விரல்ரேகையும் அந்த இடத்தில் சும்மா அலங்காரம். எந்த மின்பூட்டுக்கும் முதல் விதியாக நான் வைத்திருப்பது இதைத்தான்: வாசிப்பது வெளியே இருக்கலாம், முடிவெடுப்பது உள்ளே இருக்கவேண்டும்.

இந்த விதியை நிறைவேற்றத்தான் எனக்கு ராஸ்ப்பெரி பை தேவைப்பட்டது. 2012 பெப்ரவரி 29இல் வந்த நாளிலிருந்து இந்தச் சின்ன போர்ட் எத்தனை பேரைக் கெடுத்திருக்கிறது என்று சொல்லி மாளாது. லினக்ஸ் ஓடும், பைத்தன் ஓடும், வைஃபை இருக்கும், பக்கத்தில் 40 பின்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஓர் அட்டை வாசிப்பி, ஒரு ரிலே, ஐம்பது வரி நிரல். ஒரு சனிக்கிழமைக்குள் கதவு அட்டைக்குத் திறந்தது. யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்ற பதிவு, அட்டையைக் கைபேசியிலிருந்தே நிறுத்தும் பக்கம், கதவு அரை மணி திறந்தே கிடந்தால் எனக்கு வரும் செய்தி, எல்லாம் இருந்தது. அன்ரிக்குப் பெரிய சந்தோஷம். எனக்கு அதைவிட.

பத்து நாள் கழித்து ஓர் இரவு கரண்ட் போய் வந்தது. நான் தற்செயலாக அன்ரியின் மேசையில் தேநீரோடு இருந்தேன். வெளிச்சம் வந்து கொஞ்ச நேரத்தில் வாசலில் "டிக்" என்றொரு சத்தம். எழும்பிப் போய்ப் பார்த்தால் கதவைத் தள்ளத் திறக்கிறது. ஒரு நிமிடத்துக்குக் கிட்ட அப்படியே கிடந்து, பிறகு மறுபடி "டிக்".

காரணத்தைத் தேடிப் பிடிக்க அடுத்த நாள் முழுக்கப் போனது. சந்தையில் கிடைக்கும் நீல நிற ரிலே போர்டுகள் பலவும் தலைகீழ்ச் சாதி: பின்னில் 0, அதாவது வோல்ட் இல்லாத நிலை, கொடுத்தால் ரிலே இழுக்கும், 1 கொடுத்தால் விடும். பையில் ஒரு பின்னை வெளியீடாக மாற்றும் கணத்தில், வேறெதுவும் சொல்லாவிட்டால், அது 0இல் நிற்கும். என் நிரல் பின்னை வெளியீடாக்கிவிட்டு, நேரம் எடுப்பதற்காக இணையம் வரும்வரை காத்திருந்து, அதற்குப் பிறகுதான் 1 என்று எழுதியது. அந்த இடைவெளி முழுவதும் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. திருத்தம் ஒரே வரி: பின்னை வெளியீடாக்கும்போதே தொடக்க நிலையைச் சொல்லிவிடவேண்டும். முடிந்தால் 1 கொடுத்தால் மட்டும் இழுக்கும் ரிலே போர்டை வாங்கி, 9க்கு மேற்பட்ட பின் ஒன்றில் கொடுங்கள். 0 முதல் 8 வரையான பின்கள் பை எழும்பும்போது மேலே, அதாவது 1 பக்கம், இழுத்துக் கட்டியிருக்கும், மற்றவை கீழே, 0 பக்கம்.

இரண்டாவது தொல்லை டயோட், கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் சின்ன உறுப்பு. ஸ்ட்ரைக்கின் உள்ளே இருப்பது கம்பிச் சுருள். அதன் கரண்டைத் துண்டிக்கும்போது எதிர்த்திசையில் ஒரு துடிப்பு எழும். அதை விழுங்க 1N4007 டயோட் ஒன்றைச் சுருளின் இரு முனைக்கும் குறுக்கே, வெள்ளைக்கோடு நேர்முனைப் பக்கமாக, பூட்டுக்கு இயன்றளவு கிட்டவே வைக்கவேண்டும். நான் வைக்கவில்லை. நாளுக்கு ஒருமுறை யாராவது கதவைத் திறக்கும்போது பை தானாக மறுபடி எழும்பியது. கச்சான் சரை விலையில்கூட வராத பொருளொன்று இல்லாததால் இரண்டு வாரம் மண்டை காய்ந்தேன்.

மூன்றாவதுதான் என் மனதை மாற்றியது. பை தன் உயிரை எஸ்டி கார்டில் வைத்திருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டின் கோப்பமைப்புக் கெடலாம். எனக்கும் ஒருநாள் கெட்டது. காலையில் வேலைக்குப் போன பிள்ளைகள் இரவு வந்து வாசலில் நிற்கிறார்கள், பை எழும்பவேயில்லை, அன்ரி மூட்டுநோவோடு எழும்பி வந்து ஒவ்வொருவருக்கும் கதவு திறந்துவிடுகிறா. "முந்தியே நல்லாத்தானே இருந்தது, தம்பி." ஏச்சு விழுந்திருந்தால்கூடப் பரவாயில்லை.

இதற்கு மருந்து இல்லையென்றில்லை. கார்டை வாசிக்க மட்டும் திறந்து, எழுதுவதையெல்லாம் நினைவகத்தில் வைக்கும் வசதி பையின் அமைப்புக் கருவியிலேயே உண்டு. பற்றரி வைக்கலாம். நிரல் உறைந்தால் போர்டை மறுபடி எழுப்பும் காவல் கடிகாரம் சில்லுக்குள்ளேயே இருக்கிறது. நேரமும் ஒரு பிரச்சினை. பை 4 வரைக்கும் உள்ளே கடிகாரம் கிடையாது. கரண்ட் வந்து ரூட்டர் எழும்பும் முன் பதியப்பட்டதெல்லாம் பழைய நேரத்தில் நிற்கும். டிஎஸ்3231 என்ற சின்னக் கடிகார மொடியூலைப் பொருத்தலாம், அல்லது 2023 ஒக்டோபரில் வந்த பை 5 வாங்கலாம். அதில் கடிகாரம் சேர்த்திருக்கிறார்கள், பற்றரி மட்டும் தனியே வாங்கவேண்டும். இவ்வளவும் செய்து முடிக்கும்போது, ஒரு நாக்கை நாலு செக்கன் இழுத்துவிடுவதற்கு முழுக் கணினியொன்றைப் பராமரிக்கிறோமே என்ற எண்ணம் வரத்தான் செய்யும்.

அப்போதுதான் ஈஎஸ்பி32 பக்கம் திரும்பினேன். 2016இல் வந்த சில்லு. லினக்ஸ் இல்லை, எஸ்டி கார்ட் இல்லை. நாம் எழுதும் ஒரே நிரல் உள்நினைவில் இருக்கும், கரண்ட் வந்து ஒரு செக்கனுக்குள் ஓடத் தொடங்கிவிடும். பை 3 எழும்பி நிரல் ஓடத் தொடங்க அரை நிமிடம் அளவில் எடுக்கும். மழையில் நனைந்துகொண்டு வாசலில் நிற்கிறவருக்கு அது நீண்ட நேரம். பதினாறு பேரின் அட்டை எண்கள் சேர்த்தாலும் நூறு பைட்டுக்குள் அடங்கும். அதையும் உள்நினைவில் வைத்துவிட்டால், வைஃபை செத்தாலும், ரூட்டர் மாறினாலும், டயலொக் கட்டணம் கட்ட மறந்தாலும் கதவு தன்பாட்டில் வேலை செய்யும்.

இன்னொரு காரணமும் உண்டு. நல்ல வாசிப்பிகள் வீகண்ட் என்ற முறையில் பேசும்: இரண்டு டேட்டா வயர், 26 பிட், ஒவ்வொரு பிட்டும் ஒரு செக்கனின் இருபதாயிரத்தில் ஒரு பங்கு அளவிலான துடிப்பு. லினக்ஸ் வேறு வேலையில் இருக்கும்போது பைத்தன் நிரல் அதில் ஒன்றிரண்டைத் தவறவிடும். அட்டையை மூன்று தரம் காட்டவேண்டிவரும். ஈஎஸ்பி32க்கு வேறு வேலையே இல்லை, ஒன்றும் தவறாது. வீகண்ட் வயர் 5 வோல்ட்டில் பேசும் என்பதை மட்டும் கவனியுங்கள். ஈஎஸ்பி32 ஆகட்டும் பை ஆகட்டும் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்கமாட்டா. இரண்டு மின்தடைகளால் பிரித்துக் குறைத்துக் கொடுங்கள். ஈஎஸ்பி32இலும் 0, 2, 5, 12, 15 ஆகிய பின்களில் ரிலேயைக் கொடுக்காதீர்கள். எழும்பும் நேரத்தில் அவற்றுக்கு வேறு அலுவல் இருக்கிறது. என் "டிக்" கதை உங்களுக்கும் நடக்கும்.

ஈஎஸ்பி32இன் குறை என்ன? பதிவுகளைத் தேடிப் பார்க்க, ஆட்களைச் சேர்க்க நீக்க, நல்லதொரு பக்கம் வேண்டும். அதை அந்தச் சில்லிலேயே செய்யலாம். ஆனால் கஷ்டப்பட்டுத்தான் செய்யவேண்டும். முகம் பார்ப்பது, கெமரா பிடிப்பது, ஏழெட்டுக் கதவைச் சேர்த்து நடத்துவது என்று போனால் பை பக்கம்தான் போகவேண்டும். பம்பலப்பிட்டியில் ஒபிஸ் வைத்திருக்கும் நண்பன் நாலு கதவுக்கும் பை போட்டிருக்கிறான். யூபிஎஸ் இருக்கிறது, ஜெனரேட்டர் இருக்கிறது, மாதாமாதம் பார்க்க ஆள் இருக்கிறது. அவனுக்கு அது சரி.

சிறிய சகோதரங்களையும் சொல்லிவிடுகிறேன். பை ஸீரோ 2 டபிள்யூ 2021இல் 15 டொலருக்கு வந்தது. மின்சாரம் குறைவாகத் தின்னும். எஸ்டி கார்ட் வியாதி அதற்கும் உண்டு. பை பிக்கோ டபிள்யூ 2022இல் 6 டொலருக்கு வந்தது. பெயர்தான் பை, குணத்தில் ஈஎஸ்பி32க்குச் சொந்தம். இந்த டொலர் விலைகளைக் கொழும்புக் கடையில் எதிர்பார்த்துப் போகாதீர்கள். யுனிட்டி பிளாஸாவில் படியேறி இறங்கி விசாரிக்கும்போது பவர் சப்ளை, கார்ட், பெட்டி எல்லாம் சேர்த்து என்ன விலை என்று கேளுங்கள். ஈஎஸ்பி32க்கும் பைக்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் முழுதாகத் தெரியும். நாலு பென்டோர்ச் பற்றரியில் ஓடும் ஸ்மார்ட் கைபிடிப் பூட்டு ஓர் அறைக்குப் போதும். நாளுக்கு அறுபது தரம் திறக்கும் பொதுவாசலுக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

அட்டையைப் பற்றியும் ஒரு சொல். எந்த போர்டைப் போட்டாலும் அட்டை ஏமாற்றினால் எல்லாம் வீண். 125 கிலோஹேர்ட்ஸ் அட்டைகள் தம் எண்ணைக் கேட்பவருக்கெல்லாம் சொல்லும். கையடக்கக் கருவியொன்றால் நொடியில் படியெடுக்கலாம். 13.56 மெகாஹேர்ட்ஸ் மைஃபேர் கிளாசிக் அட்டை அதைவிட மேல் என்று நினைத்திருந்தோம். அதன் இரகசியக் குறியீட்டை 2008இல் நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழகக்காரர் உடைத்துக் காட்டிவிட்டார்கள். பலரும் வாங்கும் ஆர்சி522 என்ற வாசிப்பி மொடியூலோடு வரும் மாதிரி நிரல்கள் பெரும்பாலும் அட்டையின் எண்ணை மட்டும் வாசித்து நம்பிவிடும். அதனாலே திறப்பு வெட்டுவதும் அட்டை படியெடுப்பதும் ஒன்றுதான் என்று ஆகிவிடுகிறது. ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது: போனவரின் அட்டையை அன்றைக்கே நிறுத்திவிடலாம், படியும் சேர்த்துச் செத்துவிடும். போர்டிங் வாசலுக்கு அது போதும். நகைக்கடைப் பின்கதவுக்குப் போதாது. அங்கே இலகுவில் படியெடுக்க முடியாத டெஸ்ஃபயர் அட்டையும் அதைச் சரியாகச் சோதிக்கும் வாசிப்பியும் வேண்டும்.

கடைசியாகப் பூட்டியது இப்படி. வெளியே வாசிப்பி மட்டும். உள்ளே, படிக்கட்டுக்குக் கீழே பிளாஸ்ரிக் பெட்டியில் ஈஎஸ்பி32, ரிலே, பற்றரியோடு கூடிய 12 வோல்ட் பவர் சப்ளை. பெட்டியின் ஓட்டைகளுக்கெல்லாம் ரப்பர் அடைப்பு. கடல் கிட்ட, உப்புக்காற்று. முதல் தரம் பூட்டிய வாசிப்பியின் பின்கள் நாலு மாதத்தில் பச்சைக் களிம்பு பிடித்திருந்ததைக் கண்ணால் கண்டேன். பூட்டுக்கு இழுத்த வயரையும் மாற்றினேன். முன்பு மிச்சமிருந்த நெட்வேர்க் கேபிளையே போட்டிருந்தேன். அந்த மெல்லிய கம்பியில் 20 மீற்றர் போய் வருவதற்குள் அரை அம்பியருக்கே ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் தொலைந்துவிடும். ஸ்ட்ரைக் சில நேரம் முக்கி முனகித்தான் இழுத்தது. இப்போது தடித்த வயர்.

பழைய பை வீணாகவில்லை. அது மேல்மாடியில் ரூட்டருக்குப் பக்கத்தில் இருந்து ஈஎஸ்பி32 அனுப்பும் பதிவுகளை வாங்கி வைக்கிறது, ஆட்களைச் சேர்க்கும் பக்கத்தைக் காட்டுகிறது. அது செத்தாலும் கதவுக்குத் தெரியாது. போன மாதம் ஒருமுறை செத்தும்தான் கிடந்தது. மூன்று நாள் கழித்துத்தான் நானே கவனித்தேன்.

பதிவு என்றதும் அன்ரிக்கு ஒரு ஆசை வந்தது. "பிள்ளையள் இரவு எத்தினை மணிக்கு வருகினம் எண்டு எனக்குப் பாக்கேலுமோ?"

"ஏலும் அன்ரி. ஆனாப் பாக்கக் கூடாது."

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். அவ நம்பியது மாதிரித் தெரியவில்லை. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், யார் எப்போது வந்தார் என்று ஊருக்கே தெரியும் வீட்டில் யார்தான் போர்டிங் இருப்பார்கள் என்று கேட்டபிறகு விட்டா. பதிவுகள் 14 நாளில் தானாக அழியும்படி வைத்திருக்கிறேன். களவுபோன பொருளைத் தேட அது போதும்.

கதவின் பழைய திறப்புத் துவாரத்தை அடைக்கவில்லை. பூட்டின் உருளையை மட்டும் மாற்றி இரண்டே திறப்பு. ஒன்று அன்ரியின் சாமியறை ஆணியில், மற்றது என்னிடம். எல்லாம் செத்தாலும் இரும்பால் திறக்கலாம்.

போன கிழமை அன்ரி மொட்டைமாடிக் கதவுக்கும் ஒன்று போட்டுத் தரச்சொல்லிக் கேட்டா. உடுப்புக் காயப்போட ஏறுகிற கதவு. ஆமைப்பூட்டு ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.